உலை வைக்குமுன் ஒரு பிடி

மிசோரம் மாநிலத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. சோறு வடிக்க அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டுவிடுவார்கள். திருச்சபைப் பெண்கள் வீடு வீடாக வந்து அதைச் சேகரிப்பார்கள். விற்று வரும் பணம் சபையின் பணிகளுக்குப் போகும். மிசோ மொழியில் இதற்குப் பெயர் ‘புஃபாய் தாம்’. நம்மூர் பிடியரிசியேதான்!

1910-ல் தொடங்கிய வழக்கம் இது. அன்று அவை காசு அதிகம் புழங்காத மலைக் கிராமங்கள். காணிக்கை போடப் பணம் இல்லாத வீட்டிலும் பானையில் கொஞ்சம் அரிசி இருந்தது. மறு ஆண்டே மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, பயிர் அழிந்து பஞ்சம் வந்தது. அதையும் தாண்டி, நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பிடி அரிசி தொடர்கிறது.

சாப்பிட்டு மிஞ்சியதைக் கொடுப்பது எளிது. இதுவோ உலையில் போடுமுன்பே எடுத்துவைப்பது. ஒரு பிடி குறைந்தது சமைத்தவருக்கு மட்டுமே தெரியும். மூட்டையில் கலந்துவிட்டால் எது வசதியான வீட்டு அரிசி, எது ஏழை வீட்டு அரிசி என்று யாராலும் பிரிக்க முடியாது.

நம் சாப்பாட்டில் பிறருக்கும் பங்கு உண்டு என்று அடுப்படியில் தினமும் கை நினைவுபடுத்துகிறதே, அதுவும் ஒரு ஜெபம்தான்.