தேய்த்தால் மட்டும் போதாது

போன மாசியில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் திருமங்கலத்தில் இருக்கும் என் பட்டறைக்குக் காரை ஓட்டி வந்தார். முன் பம்பர் நசுங்கியிருந்தது. முதல் நாள் இரவு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பும்போது, டி.கல்லுப்பட்டி தாண்டி வைக்கோல் ஏற்றிப்போன டிராக்டரை மிகப் பக்கத்தில் வந்த பிறகுதான் பார்த்திருக்கிறார். பிரேக் பிடித்தும் டிரெய்லரில் லேசாக இடித்துவிட்டது. "கண் ஆபரேஷன் பண்ணி ஆறு மாசம்தான் ஆகுது தம்பி, பார்வையில ஒரு குறையும் இல்ல. பல்பைக்கூடப் பெரிசா மாத்தியிருக்கேன்" என்றார். நான் பம்பரை விட்டுவிட்டு முகப்பு விளக்குகளைப் பார்த்தேன். இரண்டும் மோர் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த டம்ளர் மாதிரி இருந்தன.

27 வருடமாகக் கார் பெயிண்டராக இருக்கிறேன். அம்பாசடரும் பத்மினியும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் தொழிலுக்கு வந்தவன். அந்த வண்டிகளின் விளக்கு மூடி அசல் கண்ணாடி. கல் பட்டால் உடையும், ஆனால் மஞ்சளாகாது. இன்று நாம் கண்ணாடி என்று சொல்லிக்கொண்டிருப்பது பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக். எடை குறைவு, எளிதில் உடையாது, எந்த வளைவிலும் வார்த்துவிடலாம். வெயில் மட்டும்தான் அதற்கு ஆகாது. அதனால் கம்பெனியிலேயே மேலே ஒரு நிறமில்லாத காப்புப் பூச்சு பூசி அனுப்புகிறார்கள். தலைமுடியைவிட மெல்லிய அந்தப் பூச்சுதான் புற ஊதாக் கதிரைத் தாங்கிக்கொள்கிறது. எங்கள் பக்கத்து வெயிலில் ஐந்தாறு வருடத்தில் அது வெளிறி உரியத் தொடங்குகிறது. ஒரு விளக்கு மட்டும் அதிகம் பழுத்திருந்தால், அந்த வண்டி தினமும் எந்தப் பக்கம் வெயில் வாங்கி நிற்கிறது என்று வீட்டைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

மூடி மங்கிவிட்டால் ஒளி நேராகப் போகாது, சிதறும். அதற்குள் 60/55 வாட் பல்பை எடுத்துவிட்டு 100 வாட் போடுவது எதிரே பைக்கில் வருகிறவரின் கண்ணைக் கட்டும் வேலை. சாலையில் விழவேண்டிய வெளிச்சம் அவர் முகத்தில் விழுகிறது. சூட்டில் ஹோல்டர் உருகி வந்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2018இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. நன்றாக மங்கிப்போன விளக்கு, புது விளக்கு தரும் வெளிச்சத்தில் சுமார் 20 சதவீதம்தான் தருகிறதாம். தேய்த்துச் சரிசெய்தால் சுமார் 70 சதவீதம் வரை திரும்புகிறது. என் மகள் இதைப் படித்துக் காட்டியபோது, கையால் அறிந்த ஒன்றுக்கு எண் கிடைத்துவிட்டது என்று தோன்றியது.

ஆசிரியர் ஏற்கெனவே ஒருமுறை பாலிஷ் போட்டவர்தான். ஒரு வாஷிங் கடையில், அரை மணி நேரத்தில், நானூறு ரூபாய்க்கு. அன்றைக்குப் புதுசு மாதிரி இருந்ததாம். ஏழு மாதத்தில் முன்னைவிட மோசம். இதைத்தான் நான் எதிர்க்கிறேன். தேய்க்கும்போது அழுக்கு மட்டும் போவதில்லை, மிச்சமிருந்த காப்புப் பூச்சும் சேர்ந்தே போகிறது. அதன்பின் ஒன்றும் பூசாமல் அனுப்பினால், வெறும் பிளாஸ்டிக்கை வெயிலில் நிறுத்துகிறோம். பற்பசை, கொசு விரட்டி ஸ்பிரே என்று செல்போனில் காட்டுகிற வித்தைகளும் இதே கதைதான்.

முறையான வேலைக்கு அரை நாள் வேண்டும். விளக்கைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுவேன், இல்லையென்றால் சுற்றிலும் மாஸ்கிங் டேப். பூச்சு உரிந்திருந்தால் 600 நம்பர் வாட்டர் பேப்பரில் ஆரம்பம். தண்ணீர் விட்டுத் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் கலந்த பால் மாதிரி வழியும். அது வெள்ளையாகும்வரை கையை எடுக்கக்கூடாது. அடுத்து 800, பிறகு 1000. ஒரு பேப்பரை நெடுக்காகத் தேய்த்தால் அடுத்ததைக் குறுக்காகத் தேய்க்க வேண்டும், அப்போதுதான் முந்தைய கீறல் கண்ணில் படும். கடைசியில் மூடி முழுக்க ஒரே சீராக, குளியலறை ஜன்னல் கண்ணாடிபோல் வெளுத்து நிற்கும். அந்த நேரத்தில் வந்து பார்க்கிற வண்டிக்காரர் பதறிப்போவார். பதற வேண்டாம். கிளியர் கோட் அடிப்பதற்கு அந்த நுண்ணிய சொரசொரப்பு தேவை. கண்ணாடிபோல் பாலிஷ் போட்டு அதன்மேல் அடித்தால் பிடிக்காது, உரிந்து வந்துவிடும். தின்னரால் துடைக்கவும் கூடாது, பாலிகார்பனேட் மயிரிழையாக வெடிக்கும். வெயிலைத் தாங்கக்கூடிய கிளியரை ஹார்ட்னர் கலந்து, முதல் கோட் மெலிதாக, சற்று உலரவிட்டு இரண்டாவது கோட். ஈரம் படிந்ததும் கீறல்கள் மறைந்து உள்ளே பல்ப் தெளிவாகத் தெரியும். இத்தனை வருடத்தில் அந்த நொடி எனக்கு அலுத்ததில்லை. ஹார்ட்னர் நுரையீரலுக்குக் கெடுதல். தொழிலுக்கு வரும் தம்பிகள் துணி கட்டிக்கொண்டு அடிக்காமல் முறையான மாஸ்க் போட வேண்டும்.

உள்பக்கம் நீர் கோத்திருந்தாலோ, பிளாஸ்டிக்கின் உள்ளேயே வெடிப்பு ஓடியிருந்தாலோ தேய்த்துப் பயனில்லை, மூடியையோ விளக்கையோ மாற்றத்தான் வேண்டும்.

வாடகை வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதன்பின் வருடா வருடமும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுப் பரிசோதனை உண்டு. சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம். ஐந்தாறு வருடத்தில் மங்கத் தொடங்கும் மூடியைப் பதினைந்தாவது வருடம்வரை எந்த அதிகாரியும் பார்க்க வேண்டியதில்லை. அரசு இதை மாற்ற வேண்டும். காப்பீடு புதுப்பிக்கும்போதாவது விளக்கை எரியவிட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

"கோட்டெல்லாம் வேண்டாம், சும்மா பாலிஷ் மட்டும் போடுங்கண்ணே" என்று கேட்பவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஆசிரியரின் வண்டிக்கு இரண்டு கோட் அடித்து, பழைய வாட்டிலேயே பல்ப் போட்டு, சுவருக்கு எதிரே நிறுத்தி ஒளி விழும் உயரத்தைச் சரிபார்த்துக் கொடுத்தேன். நீங்கள் எந்தப் பட்டறைக்குப் போனாலும் சரி, வேலை செய்பவர் பேப்பரைக் கையில் எடுக்கும் முன்பே அவரிடம் கேளுங்கள்: "தேய்ச்ச பிறகு மேல என்ன அடிப்பீங்க?" பதில் இல்லையென்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.