ரெண்டு இன்ச் கெத்து

செமஸ்டர் முடிந்துவிட்டதால் ரொம்ப நாளுக்கு அப்புறம் ஒரு பதிவு. இந்த முறை சினிமாவும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. பிக்கப் வண்டியின் முன்பக்க சஸ்பென்ஷன்! "பி.காம். படிக்கிற உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று கேட்கும் வகுப்புத் தோழர்கள் தயவுசெய்து கடைசி வரை படிக்கவும். மெக்கானிக் வேலை எனக்குத் தெரியாது. ஆனால் கணக்குத் தெரியும். இது கணக்கு விஷயம்.

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். எங்க ஊர் ஆரணி, திருவண்ணாமலை மாவட்டம். பட்டுப்புடவையும் அரிசியும்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. தெருவுக்குள்ளே போனால் தறிச் சத்தம், ஊருக்கு வெளியே போனால் ரைஸ் மில். மில்லில் இருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு வேலூர் போவதும், பார்சல் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் போவதும் பிக்கப் வண்டிகள்தான்.

கொஞ்ச நாளாக இந்த வண்டிகளுக்கு ஒரு வியாதி வந்திருக்கிறது. மூக்கு ஆகாயத்தைப் பார்க்கிறது. "முன்னாடி ரெண்டு இன்ச் ஏத்திட்டேன் மச்சி" என்பது டீக்கடையில் ஒரு பெருமை. யூடியூபில் எவனோ மலை ஏறுவதைப் பார்த்துவிட்டு, அரிசி மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு லிஃப்ட் கிட் தேடுகிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லோடு அடிக்கிற பிக்கப்பின் முன்பக்கத்தை மட்டும் ஸ்பேசர் வைத்துத் தூக்குவது வண்டிக்கு நஷ்டம், எதிரில் வருகிறவனுக்கு ஆபத்து. அதை யாரும் சோதிக்காமல் விட்டிருப்பது அதைவிடப் பெரிய தப்பு.

இதில் எனக்கு என்ன இவ்வளவு கோபம்? சொல்கிறேன்.

என் பெரியப்பா பையன், எனக்கு அண்ணன், ஒரு பிக்கப் வைத்திருக்கிறான். (கம்பெனி பேர் வேண்டாம். வண்டி மேல் தப்பில்லை.) போன வருஷம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் முன்பக்கம் ஸ்பேசர் போட்டான். சில ஆயிரம் ரூபாய், அரை நாள் வேலை. பில் கிடையாது. வீட்டு வாசலில் நிறுத்திப் போட்டோ எல்லாம் எடுத்தோம். எடுத்துக் கொடுத்ததே நான்தான். "சூப்பரா இருக்குண்ணா" என்று சொன்னதும் நான்தான்.

ஐப்பசி மாசம், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி. கண்ணமங்கலம் ரோட்டில் அண்ணன் முழு லோடோடு போகிறான். எதிரில் எக்ஸெல் வண்டியில் எங்கள் தெருக்காரர் ஒருவர், கூலிக்குத் தறி நெய்கிறவர், பாவு வாங்கிக்கொண்டு வருகிறார். நான் மாமா என்று கூப்பிடுகிற மனிதர். இரண்டு வண்டியும் மோதவில்லை. அண்ணன் வண்டியின் வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்திருக்கிறது, அவருக்கு ரோடு ஓரம் தெரியவில்லை, பள்ளத்தில் இறங்கி விழுந்தார். வலது கை மணிக்கட்டு எலும்பு முறிவு. அண்ணன்தான் வண்டியை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

"ஏம்பா ஹை பீம் போட்ட?" என்று அவர் கேட்டாராம். "சத்தியமா டிம்முலதான் மாமா வந்தேன்" என்றான் அண்ணன். அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் விஷயமே.

எப்படி என்று இப்போது பார்ப்போம்.

பிக்கப் வண்டியை லோடு இல்லாமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அது டிசைன் குறை இல்லை. பின்னால் மூட்டை ஏறினதும் பட்டை அமுங்கி வண்டி சமமாக வரவேண்டும் என்பதற்காகக் கம்பெனிக்காரன் விட்ட இடைவெளி. நம்ம பசங்க அந்தச் சாய்வை "அசிங்கமா இருக்கு" என்று சொல்லி முன்பக்கத்தைத் தூக்கிச் சமமாக்குகிறார்கள். காலியாக நிற்கும்போது அழகுதான். லோடு ஏறினதும் பின்பக்கம் இறங்கும், முன்பக்கம் இறங்காது. அப்புறம் மூக்கு ஆகாயத்தைத்தானே பார்க்கும்?

உதாரணத்துக்கு இசுஸூ டி-மேக்ஸ் வண்டியை எடுத்துக்கொள்வோம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் 3,095 மி.மீ. முன்பக்கம் 50 மி.மீ. தூக்கினால் சாய்வு 1.6 சதவீதம் மாறுகிறது. டிம் வெளிச்சம் சாதாரணமாக ஏறக்குறைய 1 சதவீதம் கீழே பார்க்கும்படி வைக்கப்படுகிறது, அதாவது 100 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம். 1 சதவீத இறக்கத்தில் 1.6 ஏற்றம் சேர்ந்தால்? வெளிச்சம் 0.6 சதவீதம் மேலே பார்க்கிறது. இது காலி வண்டிக்கு. லோடு ஏறிப் பின்பக்கம் இன்னொரு 50 மி.மீ. இறங்கினால் 2.2 சதவீதம். ஹெட்லைட் தரையில் இருந்து 90 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், 25 மீட்டர் தள்ளி அந்த வெளிச்சம் 145 செ.மீ. உயரத்தில் அடிக்கும். எக்ஸெல் ஓட்டுகிறவரின் கண் ஏறக்குறைய எந்த உயரத்தில் இருக்கும் என்று அளந்து பாருங்கள். நான் அளந்தேன்.

"ஹெட்லைட் இறக்க ஒரு திருகு இருக்கே" என்பீர்கள். நிறைய வண்டிகளில் இருக்கிறது, பூஜ்யத்தில் இருந்து மூணு வரை. ஆனால் அது லோடு ஏறிப் பின்பக்கம் இறங்குவதைச் சரிக்கட்ட வைத்தது. நீங்கள் கட்டின ரெண்டு இன்ச்சையும் சேர்த்து அது தாங்க வேண்டும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. எத்தனை பேர் அந்தத் திருகைத் தொட்டிருக்கிறீர்கள்? அண்ணனுக்கு அது எதற்கு என்றே தெரியாது.

அடுத்து ஸ்பேசர் சமாச்சாரம். முன் சக்கரம் தனித்தனியாக ஆடுகிற வண்டிகளில் மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம். காயிலும் ஷாக் அப்சார்பரும் கீழ் ஆர்மின் நடுவில் எங்கோ உட்கார்ந்திருக்கும். அதனால் மேலே 25 மி.மீ. கட்டை வைத்தாலே சக்கரத்தில் 50 மி.மீ. அளவுக்கு ஏற்றம் கிடைக்கும். நெம்புகோல் கணக்கு. கேட்க லாபமாக இருக்கிறதா? இப்போது செலவுப் பக்கம் பாருங்கள்.

ஷாக் பழையதுதான், அது உட்காரும் இடம் மட்டும் கீழே வந்துவிட்டது. பெரிய பள்ளத்தில் சக்கரம் முழுசாக மேலே ஏறும்போது, பம்ப் ஸ்டாப் ரப்பர் வாங்க வேண்டிய அடியை ஷாக் வாங்கும். சக்கரம் தொங்கும்போது பால் ஜாயிண்ட் தனக்கு விதித்த கோணத்தைத் தாண்டி வளையும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் முன் ஆக்ஸில் ஜாயிண்டுக்கும் அதே கதி. சக்கரத்தின் சாய்வும் நேர்கோடும் மாறும். உடனே அலைன்மெண்ட் பார்க்காவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். அண்ணனுக்குத் தேய்ந்தது. ஸ்பேசர் மலிவு, இரண்டு டயர் மலிவா? முதலீடு என்று எழுதின செலவு மாசா மாசம் நஷ்டக் கணக்கில் வந்து உட்காருகிறது. இதை எந்த அக்கவுண்ட்ஸ் வாத்தியாரும் பாஸ் பண்ண மாட்டார்.

சரி, எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம்.

1. "ஜவ்வாது மலைக்குப் போறவன் என்ன பண்ணுவான்? அடி தட்டுதே!"

நியாயமான கேள்வி. ஆனால் எந்த அடி தட்டுகிறது? பிக்கப்பில் பெரும்பாலும் தரைக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது பின் ஆக்ஸில் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை. அது ஆக்ஸிலோடு சேர்ந்தது. முன்னால் என்ன தூக்கினாலும், பின்னால் பட்டையே சேர்த்தாலும், அந்த உருண்டை ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. டயர் பெரிதானால்தான் உயரும். முன்பக்கம் தூக்கினால் கிடைப்பது, மேட்டில் ஏறும்போது பம்பர் தட்டாமல் இருப்பதும் எஞ்சினுக்கு அடியில் கொஞ்சம் இடமும் மட்டும்தான். அது தேவைப்படுகிறவர்கள் உண்டு. வேலூர் மார்க்கெட்டுக்கு மூட்டை போடுகிறவன் அதில் சேர்த்தி இல்லை.

2. "ஸ்பீடு பிரேக்கர்ல இடிக்குது பாஸ்."

இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் கொண்ட மெதுவான மேடு. அதில் எந்தப் பிக்கப்பும் இடிக்காது. இடிப்பது தெருவில் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டின சிமெண்ட் சுவர். அதற்கு மனு கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். தெரு மேட்டுக்காக வண்டியைத் தூக்குவது, செருப்பு கடிக்கிறது என்று காலை வெட்டுவது மாதிரி.

3. "முன்பக்கம் தொய்ஞ்சு போச்சு, அதனால தூக்கறேன்."

தொய்ந்தது ஸ்பிரிங். மாற்ற வேண்டியதும் ஸ்பிரிங். லட்சம் கிலோமீட்டர் ஓடின ஷாக், தேய்ந்த புஷ், ஆடுகிற பால் ஜாயிண்ட் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு மேலே ஒரு கட்டை வைப்பது, உளுத்துப்போன தூணுக்குப் பெயிண்ட் அடிப்பது. முதலில் அவற்றை மாற்றுங்கள். பாதிப் பேருக்குத் தொலைந்த உயரம் அதிலேயே திரும்பி வந்துவிடும்.

4. "ஆர்.சி. புக்குல சஸ்பென்ஷன் உயரம்னு ஒரு கட்டமே இல்ல. அப்புறம் என்ன சட்டவிரோதம்?"

கில்லாடிகள்! மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததில் இருந்து மாறக்கூடாது என்கிறது. ஆனால் 2019 ஜனவரி 9 அன்று ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் அசல் அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது இரண்டும். அப்புறம் இன்ஷூரன்ஸ். காப்பீடு என்பது முழு நம்பிக்கை ஒப்பந்தம், முக்கியமான எதையும் மறைக்கக்கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? மாற்றத்தைச் சொல்லாமல் விட்ட வண்டிக்குச் சேதம் என்று போய் நின்றால், கையை விரிக்க அவர்களுக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்தது போல.

இதோடு முடித்தால் நான் வெறும் உபதேசி. ஆகவே அரசாங்கத்துக்கும் ஒரு குட்டு.

இன்றைய நிலைமையில் நல்ல ஸ்பிரிங்கும் அதற்குப் பொருத்தமான ஷாக்கும் லட்ச ரூபாய் கணக்கில் வாங்கி, அலைன்மெண்ட் பார்த்து, ஹெட்லைட் இறக்கி வைக்கிறவனும், ஒரு கட்டையைச் செருகிவிட்டுப் போகிறவனும் சட்டத்துக்கு முன்னால் ஒன்றுதான். இரண்டு பேரும் எஃப்.சி.க்கு முன்னால் கழற்றி, அப்புறம் மாட்டிக்கொள்ளலாம். தடை என்று சொல்லிவிட்டதால் யாரும் பில் போடுவதில்லை. பில் இல்லாத வேலைக்குப் பொறுப்பாளி இல்லை. மாமாவின் கைக்கு யாரிடம் போய்க் கேட்பது? அண்ணன் ஒர்க்‌ஷாப்பைக் கைகாட்டினான். ஒர்க்‌ஷாப்காரர், "நீ கேட்ட, நான் போட்டேன்" என்றார்.

பிக்கப்பைத் தூக்குவதையே கலாச்சாரமாக வைத்திருக்கும் ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் மொத்தம் 50 மி.மீ. வரை ஒரு கணக்கு, அதற்கு மேல் போனால் பொறியாளர் சான்றிதழ் என்று எல்லை போட்டிருக்கிறார்கள். அளந்து பார்க்க ஒரு எண் இருக்கிறது, கையெழுத்துப் போட ஒரு ஆள் இருக்கிறார். நம்மிடம் மொத்தத் தடை இருக்கிறது, அளக்க யாரும் இல்லை. எனக்கு வேண்டியது மூன்றே மூன்று: எவ்வளவு தூக்கலாம் என்று ஒரு எண், போட்டவர் பெயரோடு ஒரு பில், லோடு ஏற்றி ஹெட்லைட் சோதித்த ஒரு சீட்டு. இந்த மூன்றும் வந்தால் தூக்குகிறவர்கள் தூக்கிக்கொள்ளட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன். அது வரும் வரைக்கும் லோடு வண்டியின் மூக்கைத் தூக்காதீர்கள்.

கடைசியாக மாமா கதை. மணிக்கட்டு கூட மூன்று மாசம் ஆனது. நாடா எறிகிற கை அது. குழியில் இறங்கி உட்கார முடியும், கால் மிதிக்கும், கை வராது. தறி நின்றது. தறி நின்றதால் அத்தைக்குத் தார் சுற்றுகிற வேலையும் நின்றது. தை மாசக் கல்யாண சீசன் அவர்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. பெரியப்பா ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார். மூன்று மாசக் கூலியில் பாதி கொடுத்தார். மீதியை மாமா கேட்கவில்லை, தெருக்காரர் என்பதால்.

அண்ணன் ஸ்பேசரைக் கழற்றிவிட்டான். அது இப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது, பேப்பர் பறக்காமல் இருக்க மேலே வைக்கிறோம். கனமான சாமான், அந்த வேலைக்கு நன்றாகவே உழைக்கிறது.

நான் எடுத்த போட்டோவை இன்னும் அழிக்கவில்லை. "சூப்பரா இருக்குண்ணா" என்று சொன்ன வாய்க்கு அது ஒரு ஞாபகமாக இருக்கட்டும்.

டிஸ்கி: வி-கிராஸ் வைத்திருக்கிற சீனியர் அண்ணன்கள் அடிக்க வரவேண்டாம். நீங்கள் மூட்டை ஏற்றுவதில்லை என்று தெரியும். ஆனால் பின்னால் நாலு பேர் லக்கேஜோடு சேர்ந்து ஊட்டி போகிறீர்கள் அல்லவா, கிளம்புவதற்கு முன்னால் ஹெட்லைட்டைச் சுவரில் அடித்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் :-)