மந்த காலத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கலாமா?

வியாபாரம் மந்தமாகும்போதெல்லாம் நமது வணிகர்களிடையே இந்தக் கேள்வி எழுகிறது. "கல்லா காற்று வாங்குகிறது, இப்போது வண்டி எதற்கு?" என்பார் ஒருவர். "இப்போதுதான் சலுகை விலையில் கிடைக்கும், விடக்கூடாது" என்பார் மற்றவர். இருவருமே வண்டியின் விலையை மட்டும் பார்க்கிறார்கள். அந்த வண்டி கடைக்கு என்ன சம்பாதித்துத் தரும் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

2018 செப்டம்பர் முதல் புதிய வண்டிக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை ஒரே தடவையில் எடுக்க வேண்டியதாயிற்று. 2019 ஏப்ரலில் புதிய பிரேக் விதியும், 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதியும் வந்தன. விலை ஏறிய அதே வேளையில் பணப்புழக்கம் சுருங்கியது. 2018-19ல் நாட்டில் 2 கோடியே 11 லட்சத்துக்கும் மேல் விற்ற இரு சக்கர வாகனங்கள், 2019-20ல் சுமார் 1 கோடியே 74 லட்சமாகக் குறைந்தன. விற்பனை சரியும்போது விற்பவர்கள் கை கட்டிக்கொண்டு இருப்பதில்லை. "முன்பணம் மிகக் குறைவு, தவணை மிக எளிது" என்று பலகை வைத்து அழைப்பார்கள். முன்பணம் குறைந்தால் கடன் கூடுகிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 80,000 ரூபாய் கடன், 10 சதவீத நிலையான வட்டி, 3 ஆண்டுத் தவணை. வட்டி 24,000, மாதத் தவணை ஏறத்தாழ 2,890 ரூபாய். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முழு 80,000-க்கும் போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி ஏறக்குறைய 18 சதவீதம்! ஆகவே, "நிலையான வட்டியா, குறையும் வட்டியா?" என்று கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

இனி கடைக் கணக்குக்கு வருவோம். தவணை நாளொன்றுக்கு 96 ரூபாய் ஆகிறது. பெட்ரோலுக்கு 50, பராமரிப்புக்கும் காப்பீட்டுக்கும் 14 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 160 ரூபாய். மளிகையில் 100 ரூபாய் விற்பனைக்கு 8 ரூபாய் மிஞ்சுகிறது என்றால், இந்தச் செலவை ஈடுகட்ட தினமும் 2,000 ரூபாய்க்குக் கூடுதலாக விற்க வேண்டும். வண்டி இல்லாவிட்டால் நடக்காத விற்பனை அது. அப்படி நடக்குமா? இந்தக் கேள்விக்கு அவரவர் கடைதான் பதில் சொல்லும்.

நடக்கும் என்றால் தயங்க வேண்டாம். செல்போனில் ஆர்டர் எடுத்து வீட்டு வாசலில் பொருளைக் கொடுக்கும் பெரிய நிறுவனங்கள் நம் வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டிருக்கும் காலம் இது. அரை மணி நேரத்தில் அரிசி மூட்டையைக் கொண்டுபோய் இறக்கும் கடைக்காரரை எந்தக் குடும்பமும் விடாது. நிலுவை வசூலுக்கும் வண்டி கைகொடுக்கும். 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமானதும் ஒரு நிம்மதி. ஆனால் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டும் அந்த வரியைப் பொதுவாக உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியாது. அதையும் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

நடக்காது என்றால், அல்லது நிச்சயமில்லை என்றால், நல்ல பழைய வண்டி போதும். ஆர்.சி.யில் முந்தைய கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா, காப்பீடு நடப்பில் உள்ளதா என்று பார்த்து வாங்கி, உடனே பெயர் மாற்றிவிட வேண்டும். கடைப் பையனிடம் சாவியைக் கொடுக்கும் முன் அவனிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா என்று பார்ப்பது முதலாளியின் கடமை. விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு வண்டி உரிமையாளர் தலையில்தான் வந்து விழும்.

எந்த வண்டியானாலும் சரக்கு வாங்க வைத்த பணத்தில் மட்டும் கை வைக்கக்கூடாது. மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பணம் முன்பணமாகப் போனால், அடுத்த லோடு தாமதமாகும். கேட்ட பொருள் இல்லாமல் வாடிக்கையாளர் திரும்புவார். பல ஆண்டு நாணயம் ஒரு வண்டிக்காகக் கெடும். மொத்த வியாபாரியும் அவருக்கு மேலே உள்ளவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்தானே!

மந்த காலம் என்றும் நீடிப்பதில்லை. அது விலகும்போது நம் கையில் முதலும், கடையில் சரக்கும், சந்தையில் நம்பிக்கையும் இருக்க வேண்டும். இம்மூன்றுக்கும் பங்கம் வராத வண்டியை வணிகர்கள் தாராளமாக வாங்கட்டும்.