முதல்ல காப்பி, அப்புறம்தான் ரிப்பேர்

நீங்க சிவிலோ மெக்கானிக்கலோ, எந்த டிபார்ட்மென்ட்டா வேணா இருக்கலாம். "இன்ஜினியரிங் படிக்கிறியே, இந்த கம்ப்யூட்டரைக் கொஞ்சம் பாரேன்" என்று சொந்தத்தில் யாராவது ஒருநாள் கூப்பிடத்தான் போகிறார்கள்.

போய்ப் பார்த்தால் பழைய எக்ஸ்பி சிஸ்டம். ஆன் ஆகவே கால் மணி நேரம். ஒரு ஃபோல்டரைத் திறந்தால் அப்படியே நிற்கும். "அக்கா கல்யாண போட்டோ எல்லாம் அதுலதான்பா இருக்கு" என்பார் பெரியப்பா.

இங்கே நம்மில் பலர் செய்வது என்ன? ரீஸ்டார்ட், மறுபடி ரீஸ்டார்ட், செக்டிஸ்க். அதுவும் சரிப்படலைன்னா ஃபார்மட் பண்ணி புது ஓ.எஸ். கம்ப்யூட்டர் ஓடும், நமக்கு நல்ல பேர். போட்டோ போயிடும்.

சாகக் கிடக்கும் ஹார்டு டிஸ்க்கை ரிப்பேர் செய்யப் பார்ப்பதே தப்பு என்பது என் கட்சி. உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது மட்டும்தான் நம் வேலை.

காரணம் இருக்கு. டிஸ்க்கின் தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றுகிறது. ஹெட் அதன்மேல் நானோமீட்டர் கணக்கில்தான் மிதக்கிறது. ஹெட் பழுதாகியிருந்தால், ஓடவிடும் ஒவ்வொரு நிமிஷமும் தட்டில் கீறல் விழலாம். செக்டிஸ்க்கின் வேலை ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்வது. போட்டோவைக் காப்பாற்றுவது அல்ல. அந்த டிஸ்க்கிலேயே எழுதியும் வைக்கும்.

அதனால முதல்ல ஆஃப் பண்ணுங்க. 'டிக் டிக்' என்று அடித்தாலோ, தட்டு சுற்றவே இல்லை என்றாலோ அதோடு நிறுத்திக்கோங்க. அது டேட்டா ரெக்கவரி லேபுக்குப் போக வேண்டிய கேஸ். செலவு அதிகம், முடிவு பெரியப்பாவுடையது. திறந்து பார்க்காதீங்க. ஃப்ரீசரில் வைக்கச் சொல்கிற வீடியோவையும் நம்பாதீங்க, ஈரம்தான் படியும்.

சத்தம் இல்லாமல் வெறும் ரீட் எரர்தான் என்றால் நாமே முயலலாம். டிஸ்க்கைக் கழற்றி, ஐ.டி.இ. அல்லது சாட்டாவுக்கான யு.எஸ்.பி. அடாப்டர் வழியாக லினக்ஸ் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டுங்க. மவுன்ட் பண்ணாமல், குனு டிடிரெஸ்க்யூ வைத்து முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜாக எடுங்க. சாதாரண காப்பி கெட்ட செக்டரில் மாட்டிக்கொண்டு நிற்கும். இது சுலபமாகப் படிக்க முடிவதை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். மேப் ஃபைல் கொடுத்திருந்தால், பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எது பழைய டிஸ்க், எது புதுசு என்று மட்டும் ரெண்டு தடவை பார்த்துக்கோங்க. மாற்றிக் கொடுத்தால் எல்லாம் காலி. அதன்பிறகு டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் எதை ஓட்டினாலும் அந்த இமேஜின் காப்பி மேலதான்.

"பழைய டப்பாவுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா?" என்று கேட்கலாம். டப்பாவுக்கு வேண்டாம். புது டிஸ்க் கடையில் கிடைக்கும், அந்தக் கல்யாணம் கிடைக்காது.

ஆகவே, ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்க: "இதுல எது போனா உங்களுக்குக் கஷ்டம்?" அந்தப் பதில்தான் நீங்க செய்ய வேண்டிய வேலை. கையோடு, உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எத்தனை இடத்தில் இருக்குன்னும் ஒருமுறை எண்ணிப் பாருங்க.