அவுரிக்கு எடை பார்த்து மட்டும் விலை போடலாமா?

மருந்து உலகில் நம் மாவட்டத்தின் பெயரோடு விற்கும் பயிர் அவுரி. மலச்சிக்கலுக்கான மருந்துகளில் சேரும் இந்த இலை, பிரிட்டனின் மருந்துத் தர நூலில் 'டின்னவெல்லி சென்னா' என்றே இடம்பெற்றது. திசையன்விளை, சாத்தான்குளம் போன்ற வறண்ட பகுதிகளுக்கு ஏற்ற இப்பயிரின் இலையும் காயும் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாடு போகின்றன.

மருந்து நிறுவனம் இலையில் பார்ப்பது 'சென்னோசைடு' என்ற மருந்துப் பொருளின் அளவை. அதற்குத்தான் ஆய்வகச் சோதனை. உங்களிடம் வாங்கும் வியாபாரியோ நிறத்தைப் பார்த்து, கையால் நொறுக்கிப் பார்த்து, எடை போட்டு முடித்துவிடுகிறார். நிழலில் பக்குவமாகக் காயவைத்தவருக்கும் மழையில் நனையவிட்டவருக்கும் ஏறக்குறைய ஒரே விலை என்றால், யார் சிரத்தை எடுப்பார்கள்?

நகரத்து நாட்டு மருந்துக் கடைகளில் பெயர்க் குழப்பமும் உண்டு. தலைமுடிச் சாயத்துக்கான நீலி இலையும் 'அவுரி'தான். பேதிக்கான நிலாவாரையும் 'அவுரி'தான். சாக்கில் பயிரின் தாவரவியல் பெயரையும் எழுதி அனுப்புங்கள்.

களையிலும் கவனம் தேவை. தேள்கொடுக்கு, கிலுகிலுப்பைச் செடிகளில் கல்லீரலைக் கெடுக்கும் நச்சு உண்டு. மூலிகைத் தேநீர் இலைகளில் இந்த வகை நச்சுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல் வரம்பு வைத்துள்ளது. அறுவடையில் சிக்கும் சில களைச்செடிகள் மொத்தச் சரக்கையும் நிராகரிக்க வைக்கலாம். ஆகவே அறுவடைக்கு முன் வயலை ஒருமுறை சுற்றிவந்து இவற்றைப் பிடுங்கிவிடுங்கள். இலையை 7 முதல் 10 நாள் வரை நிழலில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, மஞ்சள் கலந்த பச்சை நிறம் வரும்வரை உலர்த்துங்கள். காயைத் தனியே சேருங்கள்.

மானாவாரியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 400 கிலோ காய்ந்த இலை கிடைக்கும். இந்த அளவுக்குத் தனி ஒருவர் சோதனைச் செலவு செய்வது கட்டாது. பத்துப் பேர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகச் சேர்த்தால் 4 டன். ஒரே சோதனை போதும். அந்த முடிவைக் கையில் வைத்து விலை பேசலாம்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. கே.கே.எம். 1 அவுரி ரகத்தைத் தந்த கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி நம் அருகில்தான் உள்ளது. அங்கு குறைந்த கட்டணத்தில் சென்னோசைடு சோதனைக்கு வழிசெய்து, அதன் முடிவை வைத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் ஏலம் நடத்த வேண்டும். விரிவாக்க அலுவலர்கள் இந்தக் கோரிக்கையை மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுப்ப விவசாயிகளுக்குத் துணைநிற்க வேண்டும்.