ஆசியா எழுந்தது, பட்டறை எழுந்ததா?

திருநீர்மலையை அடுத்த திருமுடிவாக்கம் சிட்கோ பேட்டை. லேத் சுற்றினால்தான் அங்கே அடுப்பு எரியும். அந்த லேத் சுற்றுவதும் நிற்பதும் நியூயார்க்கில் முடிவானால்?

2008 செப்டம்பர் 15-ந்தேதி லேமன் பிரதர்ஸ் திவால் ஆனது. உலகமே ஆடியது. மறு ஆண்டு அமெரிக்கப் பொருளாதாரம் 2 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. அக்டோபரில் அங்கே வேலை தேடியவர்களில் 10 சதவீதம் பேர் சும்மா இருந்தார்கள். ஐரோப்பா அதைவிட மோசம். சீனாவோ அதே ஆண்டில் 9 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது! இந்தியாவும் சீக்கிரமே தேறியது.

எப்படி? சீனா 4 லட்சம் கோடி யுவான் திட்டம் போட்டு ரயில், ரோடு என்று கொட்டியது. டில்லி, 2008 டிசம்பரில் உற்பத்தி வரியை 4 சதவீதம் குறைத்தது. ரிசர்வ் வங்கி 9 சதவீத ரெப்போ வட்டியை 2009 ஏப்ரலுக்குள் 4.75 ஆக இறக்கியது. வெளிநாட்டு ஆர்டர் குறைந்தாலும் உள்ளூரில் வாங்க ஆள் இருந்தது. அதுதான் காப்பாற்றியது.

சரி, பெரிய கம்பெனி தேறினால் போதுமா? சரக்கை வாங்கிக்கொண்டு பணத்துக்கு இழுத்தடித்தால் பட்டறைக்காரர் சம்பளம் எப்படிப் போடுவார்? சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கி வீதத்தைப்போல் 3 மடங்கு வட்டி. ஆனால் ஆர்டர் கொடுக்கிற கம்பெனி மீதே புகார் கொடுக்க எவருக்குத் துணிச்சல் வரும்?

அரசே கணக்கைக் கேட்க வேண்டும். பாக்கியை வசூலித்துக் கொடுக்க வேண்டும். அடுத்த மந்தம் சொல்லிக்கொண்டு வராது!