உழைப்போடு கோட்டாவும் இருந்தது

"உழைத்தால் ஏற்றுமதி தானாக வரும், அமலீன் சகோதரர்களைப் பாருங்கள்" என்று வன்னியின் தையல் குடும்பங்களுக்குப் புத்தி சொல்பவர்களுக்கு இது என் பதில்.

அந்தச் சகோதரர்கள் மகேஷ், அஜய், ஷரத் மூவரும் 1987இல் தொடங்கிய மாஸ் ஆடை நிறுவனம் உழைப்பால் வளர்ந்தது, மறுக்கவில்லை. கதையின் மறுபாதியை ஏன் விழுங்குகிறீர்கள்? அன்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் நாட்டுக்கு நாடு ஆடைக் கோட்டா, அதாவது இறக்குமதிக்கு அளவு வரம்பு, வைத்திருந்தன. இலங்கைக்குக் கிடைத்த கோட்டாவைத் தேடியே வாங்குவோர் கொழும்புக்கு வந்தார்கள். மாஸ்ட், ட்ரையம்ப் போன்ற வெளிநாட்டுக் கம்பனிகள் மாஸுடன் பங்காளிகளாயின. ஓடரும் தொழில்நுட்பமும் கூடவே வந்தன. கோட்டா 2005 ஜனவரி 1இல் முற்றாக ஒழிந்தது. அந்தக் காலத்தில் வன்னியில் என்ன இருந்தது? பொருளாதாரத் தடை, இடப்பெயர்வு, 2009 வரை போர். அவர்கள் சந்தை பிடித்த வருடங்களில் நாங்கள் பங்கர் வெட்டினோம்.

போருக்குப் பின் மாஸின் வானவில், விடியல் ஆடைத் தொழிற்சாலைகள் கிளிநொச்சிக்கு வந்தன. எங்கள் பிள்ளைகளின் கையில் மாதச் சம்பளம் வந்தது. அது பெரிய விசயம். ஆனால் லைனில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு தையல்தான் பழக்கம். துணி வாங்குவதும் விலை பேசுவதும் அவளுடைய கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடக்கின்றன. அவற்றைக் கற்றவரே முதலாளி ஆகிறார்.

ஏற்றுமதி அபிவிருத்திச் சபையே, வாங்குவோரைக் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் கூட்டி வாருங்கள். வங்கிகளே, காணி உறுதி கேட்காமல் ஓடரைப் பார்த்துக் கடன் கொடுங்கள். புத்தியை அதன் பிறகு சொல்லுங்கள்.